யாருடைய பதினாலு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தாறு. எண்களை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தக் கதையில் அப்படித்தான்.

குருவின் பெயர் மரியபுஷ்பம். துறைமுகம் உள்ள ஓர் ஊரில், மாடியில் ஒற்றை அறை எடுத்து, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையைச் செய்தாள், சொல்லியும் கொடுத்தாள். சீடர் பெயர் தளவாய். முப்பது வருஷம் டெலிபோன் கம்பம் ஏறி இறங்கியவர். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு வீட்டில் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அவளிடம் வந்து சேர்ந்தார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

தளவாய்க்கு ஒரு குணம் உண்டு. கம்பியை நம்புவார், பேச்சை நம்ப மாட்டார். கம்பியில் பழுது இருந்தால் இருக்கும், இல்லையென்றால் இல்லை, மனுஷன்தான் வளவளவென்று பேசுவான் என்பார். மரியபுஷ்பத்துக்கு இது தெரியும். தெரிந்தும் அந்த வேலையை அவரிடம் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வேலை இது.

அந்த ஊரில் ஒரு சிறிய அறக்கட்டளை இருந்தது. ரயிலில் அடிபட்டவர், ஆஸ்பத்திரியில் யாருமில்லாமல் செத்தவர், ரோட்டோரம் கிடந்தவர் என்று, தேடி வர ஆளில்லாத உடல்களைப் போலீஸிடமிருந்து வாங்கி, குளிப்பாட்டி, அடக்கம் செய்வார்கள். மொத்தம் நான்கு பேர். பேச்சித்தாய்க்கு அரசு ஆஸ்பத்திரி. கொம்பையாவுக்கு ரயில் பாதை. செய்யதுக்குப் பஸ் ஸ்டாண்டும் கடைத்தெருவும். ஜெபசிங்குக்கு நெடுஞ்சாலை.

நான்கு பேருக்கும் கேமரா ஒன்று, கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று. ஓர் உடலுக்கு ஒரு ஃபோல்டர். அதில் முகத்தின் படம், மச்சம், தழும்பு மாதிரி ஓர் அடையாளத்தின் படம், புதைத்த இடத்தைப் பற்றிய குறிப்பு. எல்லோர் கம்ப்யூட்டரிலும் அவற்றின் பெயர் 'முகம்', 'அடையாளம்', 'இடம்'தான். ஜெபசிங் மட்டும் முகத்தோடு நிறுத்திக்கொள்வார். மற்றதெல்லாம் மனசில் இருக்கிறது என்பார். இருந்தது, பொய்யில்லை.

பெயர் தெரியாதவர்களின் ஃபோல்டருக்கு என்ன பெயர் வைப்பது? 'ஆண் 1', 'ஆண் 2', 'பெண் 1' என்று எண்தான். இடுகாட்டில் நடும் கல்லிலும் அதே எண். நான்கு பேரும் ஒன்றிலிருந்துதான் எண்ணத் தொடங்கினார்கள்.

அங்கே தலைமைக் கம்ப்யூட்டர் என்று எதுவும் கிடையாது. நான்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். செய்யது தன் நாற்காலியில் இருந்தபடியே பேச்சித்தாயின் ஃபோல்டரைத் திறக்கலாம். அவள் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பல வருஷம் இப்படி நடந்தது.

கார்த்திகை மாதம் ஜெபசிங் மாரடைப்பில் செத்துப்போனார். பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது.

பத்து நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். பெயர் கோமதி. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை. அவளுடைய அண்ணன் உச்சிமாகாளி லாரியில் கிளீனராகப் போனவன், ஆறு மாதமாக வீடு திரும்பவில்லை. மூன்று பேரும் தங்களிடம் இருந்த படங்களைக் காட்டினார்கள். அண்ணன் அதில் இல்லை. ஜெபசிங்கின் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். நான்காம் தடவை அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றே கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

அதைப் பார்த்த பிறகுதான் அறக்கட்டளைச் செயலாளர் மரியபுஷ்பத்தின் மாடிப்படி ஏறி வந்தார்.

"எல்லாம் ஒரே எடத்துல இருக்கணும்மா. யாரு செத்தாலும் அது தெறக்கணும்" என்றார்.

மரியபுஷ்பம் ஜெபசிங்கின் டிஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டாள். அதைத் திறப்பது தன் பாடு என்றாள். சர்வர் என்கிற தலைமைக் கம்ப்யூட்டர் வைக்கிற வேலைக்குத் தளவாயை அனுப்பினாள்.

புறப்படும் முன் தளவாய் கேட்டார்.

"டீச்சர், நாலு எடத்துல கெடக்கறத ஓரெடத்துல சேக்கணும்னா மொதல்ல என்ன செய்யணும்?"

"நாலு பேரு பக்கத்துலயும் ஆளுக்கு ஒரு நாள் உக்காருங்க அண்ணாச்சி."

"உக்காந்து?"

"அவிய பேசிக்கிடறதக் கேளுங்க."

"கேபிள எப்பம் இழுக்க?"

"அஞ்சாவது நாள்."

"நாலு பேருல ஒருத்தருதான் செத்துட்டாரே டீச்சர்."

"அந்த நாக்காலியிலயும் ஒரு நாள் உக்காருங்க."

தளவாய் சரி என்றார். வாய் சரி என்றது. மனசு அப்போதே சுவரில் எங்கே துளை போடலாம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

முதல் நாள் பேச்சித்தாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் வேலை செய்தபடியே அறைக்குக் குரல் கொடுத்தாள். மற்றவர்களும் கொடுத்தார்கள்.

"ஏ செய்யது, ஒன் ஒம்பதத் தெற. காது பாக்கணும்."

"எக்கா, இது ஒங்க முப்பதுல்லா? என்னுது நரச்ச தாடி."

"கொம்பையா மாமா, என் ஏழுக்கு இன்னைக்கு ஆளு வந்திருக்காவ."

தளவாய் மத்தியானம் வரை பொறுத்தார். ஒரு டீ குடித்தார். இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது, சந்தைக்கடைப் பேச்சு என்று எழுந்துவிட்டார். சாயங்காலமே ஏணி போட்டுச் சுவரில் ஏறிவிட்டார்.

கேபிள் வேலை என்றால் அதுதான் வேலை. ஒரு வளைவு தப்பு கிடையாது, ஓர் ஆணி கோணல் கிடையாது. மூலையில் சர்வர் உட்கார்ந்தது. நான்கு கம்பிகளும் அதற்கே போய்ச் சேர்ந்தன. செயலாளர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

பிறகு ஃபோல்டர்களை ஏற்றினார். முதலில் பேச்சித்தாயுடையது, நூற்று இருபது பேர். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அடுத்து கொம்பையாவின் எண்பது. அப்போது சர்வர் ஒரு கேள்வி கேட்டது. இதே பெயரில் ஏற்கெனவே இருக்கிறது, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவா?

தளவாய் யோசித்தார். யோசிக்காமல் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருத்தர் ஃபோல்டரை ஒருத்தர் திறந்து பார்க்கிறவர்கள், ஆளாளுக்குக் காப்பி எடுத்து வைத்திருப்பார்கள், பெயர் ஒன்றென்றால் ஆளும் ஒன்றுதான் என்று முடிவு கட்டினார். 'அனைத்துக்கும் ஆம்' என்பதை அழுத்தினார். செய்யதுடைய நாற்பத்தைந்துக்கும் அதே கேள்வி, அதே பதில். கடைசியாக மரியபுஷ்பம் திறந்து அனுப்பிய டிஸ்க்கிலிருந்து ஜெபசிங்கின் நாற்பது.

எல்லாம் முடிந்ததும் நான்கு டிஸ்க்குகளையும் ஓர் எழுத்து மிச்சமில்லாமல் துடைத்தார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.

இருநூற்று எண்பத்தைந்து பேர் நூற்று இருபது பேர் ஆனார்கள். அன்று அது யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை கோமதி வந்தாள். இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பேச்சித்தாய் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தாள். 'ஆண் 14' திறந்தபோது கோமதி எழுந்து நின்றாள்.

"எங்கண்ணன்."

அவள் திரைக்குப் பக்கத்தில் போய் முகத்தைத் தொட்டாள். அழுதாள். ஆறு மாதம் அடக்கி வைத்திருந்த அழுகை அது. தளவாய் ஓரமாக நின்றிருந்தார். அவருக்கும் கண் கலங்கியது. தன் வேலை ஒருத்திக்கு உதவிற்று என்று உள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை ஒளிப்பானேன்.

பேச்சித்தாய் அடுத்த படத்தைத் திறந்தாள். ஒரு வலது கை. அதில் 'சரோஜா' என்று பச்சை குத்தியிருந்தது.

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது எங்கண்ணன் கை இல்ல."

"நல்லாப் பாரும்மா."

"எங்கண்ணன் பச்ச குத்துனதே இல்ல. யாரு கை இது?"

செய்யது தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான்.

"இது என் பதினாலு கை" என்றான். "பஸ் ஸ்டாண்டு பின்னால கெடந்தவரு. புதைச்ச எடம்னு போட்டிருக்கதும் நான் எழுதுனதுதான்."

"மொகம்?"

"மொகம் ஜெபசிங் அண்ணனோட பதினாலு. அவரு மொகம் மட்டுந்தான எடுப்பாரு."

பேச்சித்தாய் மெதுவாகத் திரும்பினாள்.

"அப்பம் என் பதினாலு எங்க?"

"என் பதினாலு?" என்றார் கொம்பையா.

மூன்று பேரும் தளவாயைப் பார்த்தார்கள். கோமதியும் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரியவில்லை. புதைத்த இடம் எது என்று மட்டும் கேட்டாள். முகம் ஓர் ஆள், கை ஓர் ஆள் என்றால் தான் எந்தக் கல்லின் முன்னால் போய் நிற்பது என்று கேட்டாள்.

தளவாய் மரியபுஷ்பத்தின் மாடிப்படி ஏறிப் போனார். கம்பம் ஏறிய கால், அன்று பதினெட்டுப் படிக்கு மூன்று இடத்தில் நின்றது.

மரியபுஷ்பம் எல்லாவற்றையும் கேட்டாள்.

"எத்தன பேரு பக்கத்துல உக்காந்திய அண்ணாச்சி?"

"ஒருத்தரு. அர நாளு."

"தொடைக்க முன்னால காப்பி எடுத்தியளா?"

"சர்வர்தான காப்பின்னு நெனச்சிட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

"அந்தப் பொண்ணு போயிட்டாளா?"

"இல்ல. அங்கயேதான் உக்காந்திருக்கா."

"எல்லாரையும் இடுகாட்டுக்கு வரச் சொல்லுங்க."

உச்சி வெயில். இடுகாடு உப்பளத்தை ஒட்டி இருந்தது. மரமென்று சொல்ல உடைமரம் இரண்டு. வரிசையாக முழங்கால் உயரக் கற்கள். 'ஆ 14' என்று எழுதிய கற்களைத் தேடினார்கள். நான்கு இருந்தன. நான்கும் நான்கு மூலையில்.

"அவங்கவங்க பதினாலுகிட்டப் போயி நில்லுங்க" என்றாள் மரியபுஷ்பம்.

பேச்சித்தாய் நேரே நடந்தாள். ஒரு கல்லின் முன்னால் நின்றாள். செய்யது வடக்கு ஓரத்துக்குப் போனான். கொம்பையா இரண்டு கற்களுக்கு நடுவில் வெகு நேரம் தயங்கினார். அன்னைக்கு மழை, குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, வாளியால் மொண்டு கொட்டினோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பள்ளத்தில் இருந்த கல்லுக்குப் போனார்.

ஒரு கல் மீதி இருந்தது. அதன் பக்கத்தில் ஆள் இல்லை.

கோமதி மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தாள். தானே அந்தக் கல்லுக்கு நடந்து போய் உட்கார்ந்தாள். சுற்றி முளைத்திருந்த நெருஞ்சியைக் கையால் பிடுங்கினாள்.

"கல்லு தலமாட்டுலயா, கால்மாட்டுலயா?" என்று கேட்டாள்.

ஜெபசிங் இருந்தால் உடனே சொல்லியிருப்பார். கொம்பையாதான் சொன்னார்.

"தலமாடும்மா. நாங்க எல்லாரும் அப்பிடித்தான் நடுவோம்."

கோமதி தள்ளி உட்கார்ந்து, கல்லுக்குக் கீழே முகம் இருக்கும் இடத்தில் கையை வைத்தாள். வெயிலில் மண் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் தளவாய் கேட்டார்.

"டீச்சர், மத்தவிய?"

"கேமரா எங்க இருக்கு?"

கேமராவில் ஒரே கார்டுதான். அழித்து அழித்து எடுத்திருந்தாலும் அடியில் பழைய படங்கள் கிடந்தன. மரியபுஷ்பம் மூன்று நாள் உட்கார்ந்து அவற்றை மீட்டாள். முகங்கள் வந்தன. பெயரில்லை, எண்ணில்லை. தேதியும் உதவவில்லை, அந்தக் கேமராவில் தேதி முதல் நாளிலிருந்தே தப்பு. போலீஸ் காகிதங்களில் 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் நாற்பது' என்றிருந்தது. அப்படி நூறு காகிதம்.

"ஜெபசிங் நாக்காலியில உக்காருங்க" என்றாள் தளவாயிடம்.

அவர் உட்கார்ந்தார். முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. மூன்று பேரும் பார்த்துச் சொன்னார்கள். தளவாய் எழுதி, சர்வரில் அவரவர் பெயருக்கு ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைத்தார்.

"இது என் இருவத்திரெண்டு. சட்டப் பையில எலுமிச்ச மிட்டாயி ரெண்டு இருந்துது."

"இவ என் பொம்பள ஏழு. மோதிர வெரல்ல மோதிரம் போட்ட தடம் மட்டும் இருந்துது."

"இவரு என்னாளு. செவந்தியாபுரம் ரயில் கேட்டுக்கிட்ட. எண்ணு ஞாவகமில்ல. கல்லப் பாத்தாச் சொல்லிருவேன்."

கல்லைப் பார்க்கப் போனார்கள். வந்தார்கள். மறுபடி போனார்கள். பதினோரு நாள் நடந்தது. தளவாய் அந்தப் பதினோரு நாளும் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்தார். பேச்சுக்கு நடுவில் ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை. கம்பியைப் பற்றிப் பேசவில்லை. 'என்' என்றும் 'உன்' என்றும் அவர்கள் சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் சில முகங்கள் நின்றுவிட்டன. திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மூன்று பேரும் கண்ணை இடுக்கிப் பார்த்தார்கள். பேச்சித்தாய் ஒரு கிழவியின் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் குளிப்பாட்டியிருப்பேன். வேற யாரு குளிப்பாட்டியிருப்பா? ஞாவகமே வரலயே."

பத்தொன்பது முகம் மிச்சம். இடுகாட்டில் பத்தொன்பது கல் மிச்சம். எந்த முகம் எந்தக் கல்லுக்கு என்று சொல்ல ஆளில்லை. எனக்கு இந்தக் கதையில் இந்த இடத்தைத் தாண்டுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒரு தடவை செத்து, யாருமில்லாமல் புதைந்து, அதற்குப் பிறகும் ஒருவர் தொலைய முடியும் என்று நான் நினைத்ததில்லை.

செயலாளர் வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. அந்தப் பத்தொன்பதையும் 'இதர' என்று ஒரு ஃபோல்டரில் போட்டுவிடலாம் என்றார். போய்விட்டார்.

அறையில் மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். தளவாய் ஜெபசிங்கின் நாற்காலியிலேயே இருந்தார். மரியபுஷ்பம் குடையை எடுத்தாள்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"நான் இதுக்கு லாயக்கில்ல. நாளையிலருந்து வரல."

அவள் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சர்வர் தெறந்திருக்கா?"

"இருக்கு."

"எத்தன ஃபோல்டர் இருக்கு?"

"நாலு. பேச்சித்தாய், கொம்பையா, செய்யது, ஜெபசிங்."

"அஞ்சாவதா ஒண்ணு போடுங்க."

"இதரன்னா?"

"இல்ல. தளவாய்னு போடுங்க."

அவர் விரல் விசைப்பலகைக்கு மேலேயே நின்றது.

"உள்ள?"

"ஒண்ணுல இருந்து எண்ணுங்க."

"டீச்சர், இவிய என் ஆளுக இல்லயே. நான் இவியள ஒருத்தரக்கூடத் தொட்டதில்லயே."

"கடைசியாத் தொட்டது நீங்கதான் அண்ணாச்சி."